கோட்டுக்குள் விட்ட துணி

அன்புள்ள குட்டிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். இந்தத் தடவை முதல் பாதியை அப்படியே எழுதக் கை வரவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன், பதறாமல் கடைசிவரை படி. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், நான் மழுப்பிவிடுவேன். பொய் சொன்னது நீங்க, நீங்களே எழுதுங்க என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். உனக்குச் சளி விட்டதா, புது வீட்டு ஜன்னல் சரியாக மூடுகிறதா, அதையும் பதிலில் எழுது.

நீ என் பிறந்தநாளுக்கு அனுப்பிய கைக்கடிகாரத்தை நான் பத்து நாள்தான் கட்டினேன். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எண்ணூறு காலடி நடந்ததாகக் காட்டினாலே பெரிய விஷயம். நீ அங்கிருந்தே உன் போனில் பார்த்துவிட்டு, நாற்காலியில வேர் விட்டுடுச்சாப்பா என்று கேட்டாய், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மா பள்ளிக்கூட ஆய்வகத்துக்கும் கீழே சாமான் அறைக்கும் மூன்று மாடி ஏறி இறங்குகிறவள் ஆயிற்றே, அவள் கையில் கட்டிவிட்டேன். முதலில் முறைத்தாள், பிறகு அதுவே பிடித்துப்போய்த் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. மறுநாளே பதினோராயிரம் அடி. நீ என்னைப் புகழ்ந்து தள்ளினாய், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் இப்படி ஓடியது. அப்புறம்தான் நீ, சும்மா இருக்கும்போதே நாடி தொண்ணூற்றைந்து காட்டுகிறதே என்று கவலைப்பட்டு, இங்கே ஒரு பரிசோதனை நிலையத்தில் எனக்கு நேரம் குறித்தாய். அது அம்மாவின் நாடி என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாடி ஏறுகிறவளுக்கு அப்படித்தான் துடிக்கும் என்று நானே டாக்டராகிவிட்டேன்.

வெறும் வயிற்றோடு போனேன். கட்டிலில் படுக்கவைத்து, தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்தார்கள். மூச்சுக்காற்றை அளந்து, சும்மா கிடக்கிற உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று பார்ப்பார்களாம். சும்மா கிடப்பதில் என்னை யார் ஜெயிப்பது, அதில் தேறிவிட்டேன். பிறகு முகமூடி மாட்டி, நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டி, நகரும் பட்டையில் நடக்கவிட்டார்கள். ஆறாவது நிமிடத்தில் மூச்சிரைத்துக் கையைத் தூக்கிவிட்டேன். நீ அனுப்பிய மூன்று மாதக் கடிகாரக் கணக்கு பரிசோதனை செய்த பெண்ணிடம் இருந்தது. கட்டிலில் படுத்திருந்தபோது என் நாடி எழுபதுதான். தினமும் பதினோராயிரம் அடி நடக்கிறவர் இப்படி இரைக்க மாட்டாரே என்று அவள் யோசித்தாள். "ஐயா, இந்த வாட்ச் உங்க கையிலதான் இருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்று கூசாமல் சொன்னேன். அப்ப வாட்ச்லதான் கோளாறு போல என்று எழுதிக்கொண்டாள்.

வெளியே அம்மா வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்காக அரை நாள் லீவு. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டியபோது அவள் விரல்கள் நடுங்கி, தண்ணீர் என் சட்டையில் சிந்தியது. குட்டி, அந்தக் கோட்டை மூன்று மாதத்தில் இரண்டு தடவை பிடித்துத் தைத்தவன் நான். முதலில் ஒரு அங்குலம், பிறகு ஒன்றரை. நடந்து நடந்து இளைச்சுட்டே, எல்லாம் என் புண்ணியம் என்று கிண்டல் வேறு. என்னைவிட நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைத்தாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊரார் உடம்பையெல்லாம் அளக்கிறவன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே உள்ளே திரும்பிப் போய், கோளாறு வாட்சில் இல்லை, என் வாயில்தான் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் திட்டவில்லை. மறுநாள் காலை அம்மாவை அதே கட்டிலில் படுக்கவைத்தாள், நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அசையாமல் கிடந்தபோதும் அவள் உடம்பு எரிக்க வேண்டியதைப்போல ஒன்றரை மடங்கு எரித்துக்கொண்டிருந்தது. நடக்கவே விடாமல் டாக்டரிடம் அனுப்பினார்கள். ரத்தம் பார்த்ததில் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். இதயம் இன்னும் கெடவில்லை, இப்படியே விட்டிருந்தால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து ஊசியில் நூல் கோர்க்க எனக்கு இரண்டு தடவை ஆகிறது. நீங்க ஏமாத்தினதாலதான் என் வியாதி தெரிஞ்சுதுன்னு எழுதுங்க என்று அம்மா சிரிக்கிறாள். அவளுக்குப் பெரிய மனசு, என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே, அவளுக்குக் கோபம் வரும். தினமும் ஒரு தடவை போன் செய்து மாத்திரையை ஞாபகப்படுத்து, நான் சொன்னால் முறைக்கிறாள். நீயும் கம்ப்யூட்டர் முன்னால் என்னைப்போல ஒட்டிக்கொண்டு உட்காராதே. கடிகாரம் இனி அம்மாவுக்கே, அதில் பெயரை மாற்றிவிடு. நான் வேறொன்று வாங்கிவிட்டேன். நேற்று ஆயிரத்து நூறு அடி, அத்தனையும் என் கால் நடந்தது. நோய்நொடி அண்டாமல், மனநிறைவோடு நீ நீடூழி வாழ வேண்டும்.

கோட்டைப் பிடித்தபோது மிச்சத் துணியை நான் வெட்டவில்லை, இரண்டரை அங்குலமும் உள்ளேதான் மடிந்திருக்கிறது. இறுக்குது, பிரிச்சு விடுங்க என்று அவள் வந்து நிற்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் இனிப் பொய் சொல்லாத
அப்பா