விசரும் இல்லை, பேயும் இல்லை

1936 டிசம்பர் 12
அண்ணன் பெண்சாதி, மச்சாள் செபஸ்தியம்மா, கல்குடாவில் தாய் வீட்டுக்கு இரண்டு நாள் போய்வரப் போவதாகச் சொன்னாள். அவ்வளவுதான். பீங்கான் எல்லாவற்றையும் உடைத்தேன். பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உடைத்தவளும் நான், அழுதவளும் நான். முப்பது வயதில் ஏன் இப்படி? போன மாதம் இஸ்திரிப் பெட்டியால் என் கையையே சுட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 14
அண்ணன் யோசேப்பு ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் என் கையைப் பார்க்கவில்லை; புத்தி பிசகிவிட்டதா என்று பார்க்க இங்கிலாந்து ராசாவைக் கேட்டார்.
"ராசா ஆர்?"
"இந்த வருசம் மூண்டு பேர், டொக்டர். செத்தவரா, விட்டுட்டுப் போனவரா, இப்ப வந்த அவர்ட தம்பியா?"
சிரித்தார். "விசர் இல்ல. கூட்டிப் போங்க."
"எனக்கு உதவி வேணும்."
"விசர் எண்டால்தான் கட்டில்."

டிசம்பர் 17
மாதா கோயில் பங்குச் சுவாமிக்குத் தெரியாமல் ஆரையம்பதிக்குப் போனோம். பேயோட்டும் சாமித்தம்பி மாலை முழுவதும் உடுக்கடித்தார்.
"ஆர் நீ?"
"செசீலியா."
"பேயிட பேரைச் சொல்லு!"
"அதுவும் செசீலியாதான்."
உடுக்கைக் கீழே வைத்து வேர்வையைத் துடைத்தார். அண்ணனிடம், "தம்பி, இது பேயில்ல, குணம். குணத்துக்கு உடுக்கு அடிக்கேலா" என்றார்.
பேய் இருந்திருந்தால் அண்ணனுக்கு எவ்வளவு ஆறுதல்!

டிசம்பர் 18
என்னிடம் தையல் பழகிய பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். விசர் என்றால் பாவமாம். இது கொழுப்பாம்.

டிசம்பர் 21
விசராகிவிடுவது என்று ஆசுப்பத்திரிக்குத் தனியே போனேன். ராசா ஆர் என்றார் டொக்டர். "எங்கட அண்ணன் யோசேப்பு" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.
"கொழும்பு விசர் ஆசுப்பத்திரிக்கு அனுப்புவம். பொலிஸ் கூட வரும்."
கொழும்பா! ஐயோ — பயத்தில் மூன்று ராசாக்களின் பெயரையும் வரிசையாக ஒப்பித்துவிட்டேன்.
"நடிப்புக்காரி! இனி இவளை உள்ள விடாதீங்க."
வெளியே இருமல் மருந்துக்கு நின்ற ஒரு பெண் என் கையைப் பிடித்தார். காத்தான்குடி ஜெமீலா, தறி நெய்பவராம்.
"என்ட தங்கச்சி ஹிதாயாவும் இப்பிடித்தான். ஆரும் கிட்ட வாறல்ல. நீங்க ஒருக்கா வாங்களன்."

டிசம்பர் 23
போகலாமா? அங்கேயும் துரத்தினால்?

டிசம்பர் 28
போனேன். ஹிதாயா கட்டிப்பிடித்தாள். என்னைப் போல் ஒருத்தி உலகத்திலேயே இல்லை என்றாள். தேத்தண்ணி ஆறுவதற்குள், "கள்ளி, வெளிய போ!" என்று தள்ளிக் கதவைச் சாத்தினாள்.
நல்ல மழை. தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். போகாதே என்பதை நாங்கள் அப்படித்தான் கத்துவோம்.
நெடுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்: "போயிட்டியா?"
"இல்ல."
"ஏன் போகல்ல?"
"மழை பெய்யுது."
தாழ்ப்பாள் விலகியது.
"அப்ப உள்ள வந்து இரு. மழை விட்டதும் துரத்துறன்."
இங்கே மார்கழி மழை லேசில் விடுவதில்லை.