பிக்கப்புக்குக் கார் டயர்

அல்சூரில் இருக்கும் தையல் கடைக்குக் கஸ்தூரி கிளம்பும்போது முனிரத்தினம் இன்னும் எழுந்திருக்கவில்லை. தன் பிக்கப் வண்டிக்கு அவர் நேற்று கார் டயர் மாட்டிக்கொண்டு வந்ததில் சண்டை. இருவரும் பேசாமலே படுத்துவிட்டார்கள். அவள் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்.

“ஏங்க, களி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. அவரைக்காய் சாறை சூடு பண்ணிக்குங்க.

சிவாஜிநகர் டயர் கடை பாய்கிட்ட போன்ல கேட்டுட்டேன். நீங்க வாங்கினதுல 88T-ன்னு இருக்கு. T வேகத்துக்கு, 190 வரைக்கும் ஓடுமாம். நம்ம வண்டி என்னைக்குங்க அப்படிப் பறந்துச்சு? 88-தான் எடைக்கு. ஒரு டயர் 560 கிலோதான் தாங்கும். கழட்டினது தேஞ்சு போச்சு, சரி. ஆனா அதுல 104-ன்னு இருக்கு, 900 கிலோ தாங்கும். ஆனேக்கல்ல இருந்து உருளைக்கிழங்கு மூட்டை ஏத்தற வண்டிங்க இது.”

பேனா நின்றது. கல்யாணமான புதிதில் ஓசூர் ரோட்டில் டயர் வெடித்ததும், மெக்கானிக் வரும்வரை புளியமரத்தடியில் இருவரும் கடலை தின்றதும் நினைவுக்கு வந்தன. அடியில் நுணுக்கி எழுதினாள்.

“ஓசூர் ரோட்டுல டயர் வெடிச்ச அன்னைக்குத்தான் நீங்க என்கூட முதல்ல வாய்விட்டுப் பேசினீங்க. மறக்கல. இப்பவும் பேசறதுக்கு டயர் வெடிக்கணுமா? வண்டிச் சாவி என் பையில. தையல் கடைக்கு வாங்க, வண்டியை எடுத்துட்டு சேர்ந்து போய் மாத்திடலாம்.”

ஓரத்தில்: “கோவத்துல சாப்பிடாம வராதீங்க.”

மதியத்துக்கு முன்பே முனிரத்தினம் கடை வாசலில் நின்றார்.

“சாப்ட்டுட்டுதான் வந்தேன்,” என்றார். “வா, போலாம்.”