கேமராவை அனுப்பிவிட்டு நீ அங்கேயே இருந்தால்

அன்பு மகன் சிவகணேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை வேணி, என் முழங்கால் உட்பட எல்லோரும் சுகம். அங்கே நீயும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க நெல்லையப்பர் துணை. நீ அனுப்பிய மிரர்லெஸ் கேமரா வந்து சேர்ந்தது. பழைய டிஎஸ்எல்ஆரைத் தூக்கிச் சாய்ந்த என் தோள் நிமிர்ந்துவிட்டது, மரியாதைதான் போய்விட்டது. இதில் சத்தமே இல்லையா, தச்சநல்லூர்க் கல்யாணத்தில் ஒரு அண்ணாச்சி சிரித்த முகமாகவே நின்று, "ஏம்மா, எப்பதான் எடுப்பே, வாய் வலிக்குல்லா" என்று கேட்டுவிட்டார். நான் எடுத்து முடித்து நேரமாகியிருந்தது.

அடுத்தது பேட்டையில் ஒரு வளைகாப்பு. முக்கியமானவர் முகத்தைப் பதிந்து வைத்தால் கூட்டத்திலும் கேமரா அதையே தேடிப் பிடிக்கும் என்று கேமராக் கடைக்காரர் தாஜ் முகம்மது சொல்லித் தந்திருந்தார். அவர் சொன்னது வளையல் போட்டுக்கொள்ளும் பெண்ணை. நான் பதிந்து வைத்திருந்தது நம் வீட்டுச் சுவரில் மாட்டிய உன் படத்தை. அந்தப் பெண்ணின் கொழுந்தனுக்கு அப்படியே உன் தாடை, கேமரா அவனையே பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பெண் மங்கல், அவன் பளிச்சென்று நிற்கிறான். படங்களைப் பார்த்த மாமியார்க்காரி பாக்கியவதி, "யக்கா, வளைகாப்பு என் மருமகளுக்கா, சின்னவனுக்கா?" என்று கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் அந்தப் படங்களை அழிக்கவில்லை. அப்பா அவற்றைப் பார்த்துவிட்டு, "நம்ம பையன் மெலிஞ்சிட்டாம்லா" என்கிறார். யாரென்று அவருக்கும் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. பழைய கேமராவில் கண்ணை வைத்தால் எதிரே நிற்கிற ஆளையே பார்க்கலாம், இதற்குள் ஒரு குட்டி டிவிதான் தெரிகிறது. மூன்று வருடமாக உன்னையும் ஃபோனில் அப்படித்தான் பார்க்கிறேன். நல்ல கேமரா இருக்குல்லா, வேணி கல்யாணத்தை நேரலையில பாத்துக்கிடுதேன் என்றாயே, அதற்குத்தான் இதை அனுப்பினாயா? ஓமத்தின் முன் தங்கை கையில் பொரி போட அண்ணன் வேண்டாமா? சித்தப்பா மகன் செந்தில்முருகனை நிறுத்தலாம் என்று அத்தை சொன்னதற்கு வேணி, "அண்ணன் வரலைன்னா நானே அள்ளிப் போட்டுக்கிடுதேன், வேற எவனும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவள் சாப்பிடக்கூட வரவில்லை.

அதனால் நானும் ஒரு முடிவு செய்துவிட்டேன். தையில் கல்யாணத்தன்று நேரலை கிடையாது. பார்க்க வேண்டுமானால் மண்டபத்துக்கு வந்து பார்.

காந்திமதி அம்மன் உன்னைக் காக்கட்டும். வாரம் ஒருமுறையாவது தலைக்கு எண்ணெய் வை. டிக்கெட் போட்டதும் வேணியிடம் முதலில் சொல், அவள் போடுகிற கூச்சலில் நான் தெரிந்துகொள்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா சித்ரலேகா