மாதா படத்துப் பென்சில் கோடு

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
14.3.1984

அன்பு மகள் அடைக்கலமேரிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அடைக்கல மாதா தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் குளிர் தாங்கி நல்லபடி இருக்க வேண்டும் என்றுதான் பூசைக்குப் போகிறபோதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இந்த வருஷம் கடலை சுமார்தான், சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது.

தவசு காலத்தில் மாதாவின் துயரங்களை அப்பா கோயிலில் வாசிப்பாரே, நம் வீட்டு வியாகுலப் புத்தகம், அது என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அப்பாவுடைய பாட்டனார் கையால் எழுதி, பொன் பூசிப் படம் போட்ட புத்தகம் செல்லரித்துப் போகிறதே என்று போன வருஷம் பாண்டிச்சேரியில் ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து, கறை கிழிசல் உட்பட அசலைப் போலவே அச்சடித்துத் தருவதாகச் சொன்னார்கள். மாதா செத்துப்போன மகனை மடியில் கிடத்தியிருக்கும் படத்தின் ஓரத்தில் உன் தம்பி சின்னப்பன் சிறு பிள்ளையாக இருந்தபோது பென்சிலால் ஒரு மாடு வரைந்து வைத்தானே, அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று அச்சகத்துக் கண்ணையன் சாரிடம் அப்போதே சொன்னேன். "அதெல்லாம் அப்படியே வந்துரும்மா, கவலப்படாதீங்க" என்றார். அவனைக் கொள்ளிடத்து வெள்ளம் கொண்டுபோய் மூன்று வருஷம் ஆகிறது, உயிரோடு இருந்தபோது ஒரு போட்டோ எடுத்து வைக்க நமக்குத் தோன்றவில்லை.

போன வாரம் புத்தகங்கள் வந்தன. பொன் அப்படியே மின்னுகிறது, பூச்சி அரித்த ஓட்டைகூடத் தெரிகிறது, அந்தப் பக்கத்தைத் திருப்பினால் மாடு இல்லை. அப்பா உடனே சட்டையை மாட்டினார், நானும் கூடவே கிளம்பினேன். பாண்டிச்சேரி போய்ச் சேரும்போது பொழுது சாய்கிற நேரம். கண்ணையன் சார் அங்கேயே இருந்த அசலை எடுத்து வைத்தார், அதிலும் இல்லை. போட்டோ பிடித்தவர், யாரோ பிள்ளை கிறுக்கியது என்று ரப்பர் போட்டுத் துடைத்துவிட்டாராம். "தப்பு நடந்துபோச்சுங்க, நான் அவருகிட்ட சொல்லாம வுட்டுட்டேன்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா புத்தகத்தை ஜன்னலண்டை எடுத்துப் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார். மஞ்சள் வெயில் பட்டதும் காகிதத்தில் பள்ளம் தெரிந்தது மேரி, கொம்பு, வால், அவன் போட்ட ஐந்து கால், எல்லாம் தெரிந்தது. "அழுத்தி அழுத்தித்தான் எழுதுவான் சின்னப்பன்" என்றார். அவன் போன நாளிலிருந்து அந்தப் பேரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அந்த ஆபீசிலேயே, ஆட்கள் பார்க்க, இருவரும் அழுதோம். அசலை அங்கே விட்டுவைக்க மனம் வரவில்லை, முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஊர் வந்தேன்.

இந்தத் தவசு காலத்துக்கு அப்பா கோயிலில் அச்சுப் புத்தகத்தை வைத்துத்தான் வாசிக்கிறார், உனக்கும் ஒன்று கப்பல் தபாலில் அனுப்பியிருக்கிறோம். இரவு டியூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. மாதா உங்கள் இருவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்று மறக்காதே, தம்பி உனக்கு எழுதிய காகிதம் ஏதாவது இருந்தால் தபாலில் அனுப்ப வேண்டாம், வரும்போது உன் கையிலேயே கொண்டு வா.

இப்படிக்கு
உன் அம்மா
சவரியம்மாள்