மகளுக்கு வசனம் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதினால் அப்பா சிரிப்பார், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். வாதம் வந்த இடது கை அவருக்கு இன்னும் தூக்க வரவில்லை, பேச்சு மட்டும் முழுசாகத் திரும்பிவிட்டது, காலையில் உப்பில்லை உறைப்பில்லை என்று ஆரம்பித்தால் விளக்கணைக்கும்வரை ஓய்வதில்லை. தூக்கி உட்கார வைத்து, துடைத்துவிட்டு, மாத்திரை கொடுத்து, துணி அலசிப் போட்டு நிமிர்வதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிடுகிறது. சொன்னால் கவலைப்படுவாய் என்று சொல்லாமல் இருந்தேன், இப்போது மறைக்கவும் தெம்பில்லை.

பொழுது போகவில்லையென்றால் எதையாவது எழுதேன் என்று நீதானே போனில் சொன்னாய். எனக்குப் பொழுது போகாமல் இல்லை, போதாமல்தான் இருக்கிறது. ஆனாலும் அப்பா கண்ணயரும் நேரத்தில் சமையல் மேடையில் வைத்தே ஒரு நாடகம் எழுதி முடித்துவிட்டேன். படுத்துவிட்ட கணவன், பார்த்துக்கொள்ளும் மனைவி, தூரத்தில் ஒரு மகள். கற்பனைக்கு நான் எங்கே போவேன்? பக்கத்துத் தெரு நாடகக் குழுவில் கொடுத்தேன். மேடையேற்றுகிறோம், ஆனால் முதலில் திருத்தம் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிற ஒரு அம்மாளிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். அந்த அம்மாள் தானாகப் படிப்பதில்லை. எழுதியவரே எல்லோர் பேச்சையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எழுதியவருக்கே நம்பிக்கையில்லாத இடத்தில் குரல் இறங்குமாம், அங்கே மேசையில் விரலால் ஒரு தட்டு. கணவன் பேசுகிற இடத்துக்கெல்லாம் நன்றாகச் சிரித்தார். மகள் போன் பண்ணும் காட்சிகள் வந்தன, தட்டிக்கொண்டே இருந்தார். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "பொண்ணு போன் பண்றா, பண்றா, ஒரு வார்த்தை பேசலையே. எல்லாத்தையும் அம்மாவே பேசிடறாளே, ஏன்?"

புரட்டிப் பார்த்தேன், நிஜம்தான் பாப்பா, மகளுக்கு வசனமே எழுதவில்லை. வேலை அதிகமா, சரி சரி, வர முடியாது என்று எனக்குத் தெரியாதா, நீ உடம்பைப் பார்த்துக்கொள் என்று கேள்வியும் பதிலும் அம்மாவேதான். பெற்ற தகப்பன் படுத்துக் கிடக்கும்போது பெண் வராததற்கு ஒரு காரணம் வேண்டும், இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள், திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அந்த அம்மாள் அனுப்பிவிட்டார். லீவு கிடைக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனேன், தட்டினார். விசா சிக்கல் என்றேன், தட்டினார். மாப்பிள்ளைமேல் பழியைப் போட்டுப் பார்த்தேன், அவரிடம் சொல்லிவிடாதே, அதற்கும் தட்டினார். இதெல்லாம் அம்மா சொல்கிற சாக்கு, மகள் சொல்கிற காரணம் எங்கே என்கிறார். என் பெண்ணைக் குறை சொல்ல இவள் யார் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, அந்த அம்மாள் உன்னைப் பார்த்ததுகூட இல்லை.

சரி, வம்பே வேண்டாம், கடைசிக் காட்சியில் மகளை வரவழைத்துவிடலாம் என்று எழுதினேன். கதவைத் திறந்தால் பெட்டியோடு நிற்கிறாள். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வரிக்கு வரி நொட்டை சொல்கிற மனுஷர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அவ வர்ற மாதிரி எழுதாதே. எழுதினா நான் வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எனக்கு அலுத்துவிட்டது பாப்பா. உனக்காகப் பேசிப் பேசி வாய் ஓய்ந்துவிட்டது. குழுவில் எப்போது தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நாடகம் போனால் போகிறது. மகள் பேச வேண்டிய இடத்தை வெறுமனே விட்டு வைத்திருக்கிறேன். ஏன் வரவில்லை என்று நீயே சொல். அப்பாமேல் கோபமா, என்மேல் வருத்தமா, அவரை இந்தக் கோலத்தில் பார்க்கப் பயமா, எதுவானாலும் சரி. போனில் சொன்னால் நான் குறுக்கே பேசிவிடுவேன். அதனால் எழுதி அனுப்பு.

பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இனி வாய் திறக்காமல் காத்திருக்கும்,
உன் அம்மா