கல்லை உடைத்த லேசரும் ஷாமினியின் பல்லும்

ஷாமினி அப்பாவுக்கு,

சோறும் நெத்திலி சம்பாலும் மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். ஷாமினியைப் பள்ளியிலிருந்து அப்படியே கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்துப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன்.

"கல்லையே உடைக்கிற லேசர், புள்ள பல்ல விடுமா?" என்று நேற்று கத்தினீர்களே, அது யார் சொன்ன கதை என்று விசாரித்துவிட்டேன். எதிர்வீட்டுச் சந்திரகலா அக்காதான்! தன் வீட்டுக்காரரின் சிறுநீரகக் கல்லை லேசரில் உடைத்ததை லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். உடைந்த கல் துண்டைப் பாட்டிலில் வேறு வைத்திருக்கிறார். நானும் போய்ப் பார்த்தேன்.

அதோடு விடுவேனா? பல் டாக்டருக்கே போன் போட்டேன். "அது வேற, இது வேற லா, அக்கா," என்று சிரித்தார். முதலில் கடைவாய்ப் பல்லில் ஃப்ளோரைடு பூசுவார்களாம். பிறகு குறைந்த சக்தியில் லேசர் ஒளியைக் காட்டினால் ஃப்ளோரைடு நன்றாகப் பிடித்துக்கொள்ளுமாம், பல் சீக்கிரம் சொத்தையாகாதாம். பலன் எவ்வளவு என்று இன்னும் ஆராய்கிறார்களாம். அதற்காகப் பல் விளக்காமல் இருக்க முடியாதாம். எனக்கே போட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

லேசருக்கான சம்மதப் படிவம் இந்தச் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சரியென்றால் கையெழுத்துப் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். மனமில்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம், ஃப்ளோரைடு மட்டும் பூசச் சொல்கிறேன்.

உஷா

பி.கு.: நேற்று நீங்கள் கத்தியது ஷாமினி காதிலும் விழுந்திருக்கிறது. "அப்பா பக்கத்துல நின்னாத்தான் வாயத் திறப்பேன்" என்கிறாள். நாலு மணிக்குக் கூப்பிடுவார்கள். படிவம் வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் வந்துவிடுங்கள்.