கழுவாத கிர்ணிப்பழம்

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை.

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். என் உடம்பு தேறிவிட்டது, மனம்தான் தேறவில்லை. போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கிட்டு எனக்குச் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் நினைவு ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு இந்த வெயிலில் கிர்ணிப்பழம் கொடுக்கலாமென்று, ஊத்துக்கோட்டையில் சாலையோரம் தரையில் குவித்து விற்றதை வாங்கி வந்தேன். திராட்சையை உப்புத் தண்ணீரில் அலசாமல் வாயில் வைக்காத நான், தோலைத்தான் சீவி எறியப்போகிறோமே என்று அந்தப் பழங்களைக் கழுவவே இல்லை, மண்ணை மட்டும் துணியால் துடைத்தேன். விடியற்காலையிலேயே நறுக்கி, சில்லென்று கொடுத்தால் பாடகர் குழுவினருக்குத் தொண்டை கட்டிவிடுமென்று ஃபிரிஜ்ஜிலும் வைக்காமல், கண்ணாடிக் கிண்ணத்தில் வலை போட்டு மூடி மத்தியானம் வரை மேஜையில் வைத்திருந்தேன். மாடியில் குடியிருக்கும் ஜோதிலட்சுமி தன் பங்குக்கு நீர்மோர் கலக்கிக் கொண்டுவந்தாள். மறுநாள் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு, எனக்கும்தான். பாடகர் குழு இம்மானுவேல் அண்ணனுக்கு டிரிப்ஸ் ஏற்றும்படி ஆயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் சபையார் கூடி நிற்கையில், என் வீட்டில் எல்லாம் சுத்தம், மாடியிலிருந்து வந்த மோருக்கு நான் பொறுப்பில்லை என்று சொன்னேன். ஜோதிலட்சுமி அங்கேதான் நின்றாள், எனக்குக் கஞ்சி எடுத்து வந்திருந்தாள்.

பிறகு டாக்டர் விசாரித்தபோது, "சளி புடிச்சிக்கினு இருந்துச்சு சார், மோரைத் தொடவே இல்ல, பழம்தான் ரெண்டு கப்பு துன்னேன்" என்றார் அண்ணன். மோர் மட்டும் குடித்த ஜோதிலட்சுமி வீட்டாருக்கு ஒன்றுமில்லை. தோலில் இருக்கிற கிருமியைக் கத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போகும், வெளியில் வைத்தால் அது பெருகும் என்றார் டாக்டர். எனக்குத் தலை நிமிரவில்லை.

நேற்று மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள், மீஞ்சூரில் வீடு பார்த்துவிட்டார்களாம். "பேசினது அத்தினி பேர் எதிர்ல, மன்னிப்பு மட்டும் மாடில வந்து கேக்குறீங்களேம்மா. கம்பெனிலேர்ந்து வந்ததும் எங்க ஊட்டுக்காரரு இன்னா கேட்டாரு தெரியுமா, நீ கைய கழுவினியா இல்லியான்னு" என்றாள். படியிறங்கி வந்துவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் எழுந்து உண்மையைச் சொல்லப் போகிறேன். இன்று காலை மறுபடி மாடியேறி அவளையும் கூப்பிட்டேன், வருவதாகச் சொல்லவில்லை. வராவிட்டாலும் சொல்வேன். மற்றவர்கள் வாயால் கேட்குமுன் நீ என் கையெழுத்தில் படிக்க வேண்டும்.

நீ எந்தப் பழம் வாங்கினாலும், தோல் எவ்வளவு தடிமனாயிருந்தாலும், முதலில் கையைக் கழுவு. பழத்தைக் குழாய்த் தண்ணீரில் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்து, சுத்தமான கத்தியால் நறுக்கு, சோப்பு வேண்டாம். உடனே சாப்பிடாததை ஃபிரிஜ்ஜில் வை. கர்த்தர் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஞாயிறன்று மறக்காமல் எனக்காக ஜெபம் செய். வெயில், பழக்காரன் என்று ஒரு சாக்கும் என் வாயில் வந்துவிடக் கூடாது.

உன் அம்மா,
ஏஞ்சலின்